கேலிச்சித்திரக் கைக்கடிகாரம்

நகைச்சுவை ஓவியர் ஒருவர் படைத்த உருவத்தை முகப்பில் தாங்கிய கைக்கடிகாரம். சிறுவர்களுக்கான மலிவுப் பொருள் என்று சொல்லி, கடிகார வரலாற்றின் ஓரத்தில் இதை ஒதுக்கிவைப்பது வழக்கம். அது நியாயமில்லை. படம் ஒட்டிய கடிகாரம் வேறு, படமே நேரம் காட்டும் கடிகாரம் வேறு. முன்னதில் ஓவியம் வெறும் அலங்காரம். பின்னதில் ஓவியரின் கோடு கடிகாரப் பொறியின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. இவ்வகைக் கடிகாரங்களின் தரத்தை எடைபோட இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை.

இரண்டாம் வகைக்குப் பெரிய சான்று மிக்கி மவுஸ் கடிகாரம். வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் உருவாக்கிய எலி 1928-ல் திரைக்கு வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாட்டர்பரி நகரில் இயங்கிய இங்கர்சால்-வாட்டர்பரி நிறுவனம், 1933-ல், சிகாகோ உலகக் கண்காட்சி நடந்த ஆண்டில், அந்த எலியை மணிக்கட்டில் ஏற்றியது. உள்ளே இருந்தது மிக எளிய, மலிவான இயந்திரம்தான். புதுமை முழுவதும் முகப்பில் இருந்தது. அங்கே மிக்கியின் தலையும் உடலும் காலும் அச்சாகியிருக்கும்; கைகள் இருக்காது. நடு அச்சில் சுழலும் இரண்டு முட்களே கைகள். முனையில் மஞ்சள் கையுறை. அதிலிருந்து ஒரு விரல் நீண்டு எண்ணைச் சுட்டும். ஆறு மணிப் பக்கத்துச் சிறு வட்டத்தில் மூன்று குட்டி மிக்கிகள் ஒன்றையொன்று துரத்தியபடி விநாடிகளைக் காட்டும்.

இதில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மனிதருக்கும் எலிக்கும் கைகள் தோளில் முளைக்கின்றன, இரண்டும் ஒரே நீளம். கடிகாரத்திலோ இரண்டு முட்களும் ஒரே புள்ளியில் முளைத்தாக வேண்டும். ஒன்று குட்டையாகவும் மற்றது நெட்டையாகவும் இருந்தாக வேண்டும். நெட்டை முள் பன்னிரண்டு சுற்று சுற்றும் நேரத்தில் குட்டை முள் ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கண்டிப்புக்கு மிக்கியின் உடல் பணிகிறது. பத்தே பத்துக்குக் கைகளை விரித்து வரவேற்கும் எலி, ஆறரைக்கு இரண்டையும் தொங்கவிட்டு நிற்கும். பன்னிரண்டு மணி நேரத்தில் பதினொரு முறை கைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கடக்கும். ஒவ்வொரு முறையும் வலக்கை இடக்கையாகிவிடும். முகத்துச் சிரிப்பு மட்டும் மாறுவதில்லை. எந்த உடம்பாலும் முடியாத வளைவை மலர்ந்த முகத்தோடு செய்வதுதான் கேலிச்சித்திரத்தின் உயிர். கேலிச்சித்திரம் காகிதத்தில் செய்ததை இங்கே பல்சக்கரம் செய்கிறது.

ஆங்கிலத்தில் கடிகார முள்ளுக்குக் ‘கை’ என்றே பெயர். ஆகவே இது வெறும் சொல் விளையாட்டு என்று ஒருவர் சொல்லலாம். தமிழில் நாம் சின்ன முள், பெரிய முள் என்றே சொல்லிப் பழகியவர்கள். அந்தச் சிலேடை நமக்குக் கிடையாது. இருந்தும் தமிழ்க் குழந்தைக்கு இந்தக் கடிகாரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நகைச்சுவை சொல்லில் இல்லை, அசைவில் இருக்கிறது என்பதற்கு இது போதிய சான்று.

இன்னும் வலுவான மறுப்பு வணிகம் பற்றியது. 1932-ல் டிஸ்னியின் விற்பனை உரிமைகளைக் கவனிக்க வந்த கே காமென், மிக்கியை எண்ணற்ற பொருட்களில் பதிக்க வழி செய்தார்; கடிகாரமும் அவற்றில் ஒன்றுதானே? உண்மைதான். பொருளாதாரப் பெருமந்தத்தில் தத்தளித்த இங்கர்சால்-வாட்டர்பரி நிறுவனத்துக்கு விற்பனை தேவைப்பட்டது. நான்கு டாலருக்கும் குறைந்த விலையில் இரண்டே ஆண்டுகளில் சுமார் 25 லட்சம் கடிகாரங்கள் விற்றன. ஆனால் விற்பதற்காகச் செய்யப்பட்டது என்பதாலேயே ஒரு வடிவமைப்பு தாழ்ந்துவிடாது. நாளிதழ்ச் சித்திரக்கதைகளும் இதழ் விற்கவே வரையப்பட்டன. மிக்கி படம் பதித்த கோப்பை, படமில்லாத கோப்பை செய்யும் வேலையைத்தான் செய்கிறது. கடிகாரத்தில் படத்தை எடுத்துவிட்டால் நேரம் காட்ட முள்ளே இல்லை.

கையுறை அணிந்த தடித்த முட்கள் நேரத்தைத் துல்லியமாகக் காட்டாது என்ற குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு கையுறைகளும் ஒரே சாயலில் இருப்பதால் நீளத்தை வைத்தே மணியையும் நிமிடத்தையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் ஜெரால்ட் ஜென்டா இதற்கு ஒரு விடை தந்தார். 1972-ல் வெளிவந்த ராயல் ஓக் கடிகாரத்தை வடிவமைத்த அதே ஜென்டா, 1980-களில் விலையுயர்ந்த மிக்கி கடிகாரங்களைச் செய்தார். அவர் பெயரில் பின்னர் வந்த சில மிக்கி கடிகாரங்களில் மணி ஒரு சிறு சாளரத்தில் எண்ணாகத் தோன்றும். மிக்கியின் ஒற்றைக் கை வளைகோட்டில் நிமிடங்களைத் தொட்டுச் சென்று, அறுபதாவது நிமிடத்தில் சட்டென்று தொடக்கத்துக்குத் துள்ளித் திரும்பும். முழு வட்டம் சுற்ற வேண்டிய கட்டாயம் போனது. இப்போது அது ஓர் உண்மையான கையின் வீச்சு. உயர்ரகக் கடிகாரக் கலைக்கு எலி பொருந்தாது என்ற வாதத்துக்கு இதைவிட அழகான பதில் வந்ததில்லை.

தொடக்கத்தில் சொன்ன அளவுகோலை சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த ஸ்னூப்பி என்ற நாய்க்கும் பொருத்திப் பார்க்கலாம். டைமெக்ஸ் செய்த ஒரு கடிகாரத்தில் டென்னிஸ் மட்டை பிடித்த ஸ்னூப்பியின் கைகளே முட்கள். கண்ணுக்குத் தெரியாத வட்டத் தகட்டில் பந்து சுற்றிவரும். ஒமேகாவின் 2003-ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டரில் ஸ்னூப்பி ஒரு சின்னம் மட்டுமே. 2020-இல் வந்த மாதிரியின் பின்புறத்தில், நிறுத்துகடிகாரத்தை முடுக்கினால் ஸ்னூப்பியின் விண்கலம் நிலவின் மறுபக்கத்தைச் சுற்றிவருகிறது. அருமையான இயக்கம். ஆனால் அதைப் பார்க்கக் கடிகாரத்தைக் கழற்றித் திருப்ப வேண்டும்.