சோயா (பனியுடைப்பு ரோந்துக் கப்பல்)

சோயா, ஜப்பானியக் கடலோரக் காவல் படையில் 1978 அக்டோபர் வரை பணியாற்றிய பனியுடைப்பு ரோந்துக் கப்பல். ஆனால் அது கட்டப்பட்டது ரோந்துக்கும் அல்ல, ஜப்பானுக்கும் அல்ல. பனிக்கடலில் சரக்கு ஏற்றிச் செல்லச் சோவியத் ஒன்றியம் கேட்டிருந்த கப்பல் அது.

நாகசாகியை ஒட்டிய கோயாகித் தீவில், 1938 பிப்ரவரியில் நீரில் இறக்கினார்கள். அதற்குள் இரு நாட்டு உறவும் கெட்டுப்போனதால் மாஸ்கோ கைக்கு அது போகவில்லை. 'சிரியோ மாரு' என்ற பெயரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்ததை 1940இல் கடற்படை வாங்கி, ஹொக்கைடோவின் வடமுனை நீரிணையான சோயாவின் பெயரைச் சூட்டியது. 1943 ஜனவரியில் பூகா தீவருகே அமெரிக்க நீர்மூழ்கி கிரீன்லிங்கின் டார்பிடோ தாக்கியது, வெடிக்கவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ட்ரக் தீவில் குண்டுமழை. தரைதட்டிய கப்பலை மாலுமிகள் கைவிட்டுக் கரையேற, மறுநாள் அது தானாகவே மிதந்துகொண்டிருந்தது. அதிர்ஷ்டக் கப்பல் என்ற பேச்சு வந்ததில் வியப்பில்லை.

போருக்குப்பின் வெளிநாடுகளில் சிக்கிய ஜப்பானியரைத் தாயகம் சேர்த்தது. 1949 முதல் கலங்கரை விளக்கங்களுக்கு அரிசி, எண்ணெய், தபால் சுமந்தது. தீவுகளில் குடும்பத்தோடு ஒதுங்கிக் கிடந்த விளக்குக் காவலர்கள் அதைக் 'கடலின் சான்டா கிளாஸ்' என்றார்கள்.

பெரும்புகழ் அண்டார்டிகாவில் கிடைத்தது. பக்கவாட்டில் அகலமாக்கி, புது டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்ட கப்பல் 1956 நவம்பர் 8 அன்று டோக்கியோவின் ஹருமித் துறையிலிருந்து கிளம்பியது. 1957 ஜனவரி 29 அன்று கிழக்கு ஓங்குல் தீவில் ஜப்பானின் ஆய்வுத்தளமான ஷோவா நிலையம் திறக்கப்பட்டது. திரும்பும் வழியில் பனியில் மாட்டியபோது வழி திறந்துவிட்டது சோவியத் கப்பல் 'ஓப்'. இருபது ஆண்டுக்கு முன் இதே கப்பலுக்கு ஆர்டர் கொடுத்த நாடு!

அடுத்த பயணத்தில் பனியைத் தாண்ட அமெரிக்கக் கப்பல் பர்ட்டன் ஐலண்ட் உதவியும் போதவில்லை. நிலையத்தில் சங்கிலியில் கட்டியிருந்த பனிவண்டி இழுக்கும் 15 சகாலின் நாய்களை விட்டுவருவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 1959 ஜனவரியில் ஹெலிகாப்டரில் போய் இறங்கியவர்கள் டாரோ, ஜிரோ என்ற இரண்டை உயிரோடு கண்டார்கள். ஏழு சங்கிலியிலேயே இறந்து கிடந்தன, ஆறைக் காணவில்லை.

ஆறு அண்டார்டிகப் பயணங்களை முடித்து 1962 முதல் வடகடல் ரோந்துக்கு வந்தது. ஹாகோடாடேயைத் தளமாகக் கொண்டு மிதக்கும் பனியில் சிக்கிய மீன்பிடிப் படகுகளை மீட்பதே அதன் முதன்மைப் பணி. 1979 முதல் டோக்கியோவில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் பெயரையே தாங்கிய புதிய ரோந்துக் கப்பல் 1978 நவம்பரில் குஷிரோவில் பணியில் சேர்ந்தது.