நடக்க வைத்த வளாகம்

சென்ற ஆண்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "சார், கடைசியா எப்ப நடந்தீங்க?" சர்க்கரை ஏறியிருந்தது. யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், 1976-ல் தாம்பரத்தை விட்டு வந்த பிறகு நான் ஒழுங்காக நடக்கவே இல்லை!

நண்பர்களே, அன்று உடற்பயிற்சி என்று நினைத்தா நடந்தோம்? வேறு வழியில்லை, நடந்தோம். அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று இம்மலருக்காகத் தேடிப் பார்த்தேன்.

1837-ல் தொடங்கிய நம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, முதல் நூறு ஆண்டுகள் ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்தது. விரிவடைய இடமில்லை. சேலையூர் காட்டில் 300 ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. 1937-ல் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1931-லேயே தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்துவிட்டதால் தூரம் பெரிய தடையாக இல்லை. தாம்பரத்துக் காற்றுக்கும் அப்போது நல்ல பெயர். டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக 1928-ல் சானடோரியம் அமைத்தது இந்தப் பக்கம்தானே!

புதிய வளாகத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடைக்கவில்லை. வகுப்புகள் ஒரு பக்கம். தாமஸ், சேலையூர், ஹீபர் விடுதிகள் தனித்தனியே மரங்களுக்கு நடுவில். சாப்பிட, படிக்க, விளையாட எதற்கும் நடக்க வேண்டும்.

ஆனால் தூரம் மட்டும் இருந்தால் போதுமா? சித்திரை வெயிலில் யார் நடப்பார்? நிழல் வேண்டாமா? வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸும் அக்கறையோடு மரங்களை வளர்த்தார்கள். நாம் நடந்தது அவர்கள் தந்த நிழலில்.

அந்த நடை உடம்புக்கு மட்டுமல்ல. முதல் வருடம் ஒரு பேப்பரில் ஃபெயிலாகி, பெட்டியைக் கட்டிவிட்டேன். பக்கத்து அறை சீனியர், "வாடா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார். அவர் பெரிதாக அறிவுரை எதுவும் சொல்லவில்லை. புதருக்குள் மான்கள் சலசலக்க, மூன்று சுற்று நடந்தோம். திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தேன்.

இப்போது தினமும் காலையில் நடக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் நிழலும் இல்லை, நடைபாதையும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். சந்திப்பு நாளன்று காரை வாசலிலேயே விட்டுவிட்டு, முடிந்தவர்கள் எல்லோரும் உள்ளே நடந்தே வாருங்கள். முழங்கால் வலிக்கிறவர்கள் மெதுவாக வரலாம். நான் துணைக்கு வருகிறேன்.