400 கட்டுரைகள், 130 காப்புரிமைகள், ஒரு மாத்திரை: நித்ய ஆனந்தின் ஆய்வுப் பணியை அளப்பது எப்படி?

இந்திய மருந்து வேதியியலின் முன்னோடிகளில் ஒருவரான நித்ய ஆனந்த் (1925–2024), 400-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டவர். 130-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற அவர், சுமார் 100 முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டினார். ஸ்டீராய்டு அல்லாத கருத்தடை மாத்திரையான சென்ட்குரோமன், அவரது குழுவினரின் கண்டுபிடிப்பாகும். எனினும், ஆய்வாளர்களை மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடும் இன்றைய வழக்கத்தில், இப்பணியின் முக்கியப் பகுதி கணக்கில் வருவதில்லை.

கல்வியும் பணியும்

இன்றைய பாகிஸ்தானில் உள்ள லாயல்பூரில் (தற்போது பைசலாபாத்) பிறந்த அவர், சென்னையில் பிறந்த சாய வேதியியல் அறிஞர் கே. வெங்கடராமனிடம் மும்பையில் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். பின்னர், நோபல் பரிசு பெற்ற அலெக்சாண்டர் டாட் வழிகாட்டுதலில் கேம்பிரிட்ஜில் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். 1951-ல் லக்னோவில் தொடங்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் அதே ஆண்டில் சேர்ந்து, 1974 முதல் 1984 வரை அதன் இயக்குநராகப் பணியாற்றினார்.

மேற்கோளில் நிலைத்தவை

ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து, பாக்டீரியாவின் செல் சவ்வைச் சேதப்படுத்துவதை அமெரிக்க அறிவியலாளர் பெர்னார்ட் டேவிஸுடன் இணைந்து அவர் கண்டறிந்தார். இம்முடிவு 1960-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. இவ்வகை மருந்துகள் செயல்படும் விதம் குறித்த ஆய்வுகளில் இக்கட்டுரை பிற்காலத்திலும் எடுத்தாளப்பட்டது. எந்தவொரு மருந்துக்கும் பொதுவான அடிப்படைக் கேள்விக்கு விடை தரும் கட்டுரைகள், பல துறையினராலும் மேற்கோள் காட்டப்படுவது இயல்பு.

ஜஸ்ஜித் பிந்த்ரா, எஸ். ரங்கநாதன் ஆகியோருடன் இணைந்து, கரிம வேதியியல் தொகுப்பு முறைகள் குறித்து 1970-ல் அவர் வெளியிட்ட நூலும் குறிப்பிடத்தக்கது. நூலைப் படித்துக் கற்றவர்கள் அனைவரும் அதைக் கட்டுரைகளில் குறிப்பிடுவதில்லை.

மாத்திரையின் பாதை

சென்ட்குரோமன் வகைச் சேர்மங்களின் மூலக்கூறு அமைப்புக்கும் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் கட்டுரை 1976-ல் வெளியானது. மருத்துவச் சோதனைகளுக்குப் பின், 1991-ல் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ், 'சஹேலி' என்ற பெயரில் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருப்பையில் ஈஸ்ட்ரோஜனின் செயல்பாட்டைத் தடுக்கும் இந்த மாத்திரையை முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் உட்கொள்ள வேண்டும். தினசரி மாத்திரையிலிருந்து இது வேறுபடுவது இதனால்தான். 2016-ல் 'சாயா' என்ற பெயரில் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது.

கட்டுரைக்கும் சந்தைக்கும் இடையே 15 ஆண்டுகள். சந்தைக்கும் அரசுத் திட்டத்துக்கும் இடையே மேலும் 25 ஆண்டுகள். இதழ்களின் தாக்கக் காரணியோ முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளை மட்டுமே கணக்கிடுகிறது.

அளவுகோல்களின் எல்லை

இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் முன்மொழிந்த எச்-குறியீடு, கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோளையும் ஒரே எண்ணில் தருகிறது. ஒருவரின் குறியீடு 20 எனில், அவரது 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன எனப் பொருள். காப்புரிமை, சந்தைக்கு வந்த மருந்து, உருவாக்கிய மாணவர்கள் ஆகியவை இதில் சேராது. மேலும், 'என். ஆனந்த்' என்ற சுருக்கப் பெயர் பலருக்கும் பொதுவானதால், தரவுத்தளங்களில் பதிவுகள் கலந்துவிடவும் வாய்ப்புண்டு.

நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றில் இவ்வெண்கள் கருத்தில் கொள்ளப்படுவதால், பல ஆண்டுகள் தேவைப்படும் மருந்து ஆய்வைவிட, விரைவில் மேற்கோள் ஈட்டும் ஆய்வை இளம் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுக்கும் நிலை உருவாகலாம். மேற்கோள், சக ஆய்வாளர்களின் கவனத்தைக் காட்டுகிறது. ஒரு மருந்தின் பயனோ அதை உட்கொள்வோரிடம் உள்ளது. இரண்டையும் தனித்தனியே பதிவு செய்வதே முறையான மதிப்பீடாகும்.

2012-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற நித்ய ஆனந்த், 2024 ஜனவரி 27 அன்று தமது 99-வது வயதில் லக்னோவில் காலமானார்.