ஆள் குடியிருந்த வீடு

பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்ட்டியர் கனடாவைக் 'கண்டுபிடித்தார்' என்றார் எதிரணி நண்பர். நான் கேட்கிறேன், ஆள் குடியிருக்கிற வீட்டை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

1534 ஜூலையில் காஸ்பே கரையில் 30 அடிச் சிலுவையை நட்டார் கார்ட்டியர். பூர்வகுடித் தலைவர் டொன்னகோனா படகில் வந்து, 'இது எங்க மண்ணு' என்று கைஜாடை காட்டினார். 'சும்மா, கப்பலுக்கு அடையாளம்' என்று சமாளித்துவிட்டு, அவர் மகன்கள் இருவரைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார் கார்ட்டியர்.

மறுவருஷம் திரும்பி வந்தார்கள். குளிர்காலத்தில் ஸ்கர்வி நோய். 25 மாலுமிகள் செத்தார்கள். மிச்சப்பேரைப் பிழைக்க வைத்தது எது? மகன் தொமகாயா காட்டிக்கொடுத்த மரப்பட்டைக் கஷாயம்!

அதற்கு நன்றிக்கடன்? 1536 மே மாதம் தகப்பனையே பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஊர் திரும்பாமலே பிரான்சில் செத்தார் டொன்னகோனா.

கண்டுபிடித்தவர் பெயரைப் படிக்கிற பிள்ளைகள், காப்பாற்றியவர் பெயரையும் படிக்கட்டும்!