தங்கப் பற்பம் முதல் நானோ மருந்து வரை

சென்னை தியாகராய நகரில் நகைக்கடைகள் நிறைந்த உஸ்மான் சாலை, சர் முகமது உஸ்மானின் பெயரால் அழைக்கப்படுகிறது. தங்கம் விற்கும் சாலைக்குப் பெயர் தந்த இவர், தங்கம், வெள்ளி, இரும்பு, பாதரசம் ஆகியவற்றை மருந்தாக்கிக் கொடுக்கும் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்வதற்காகச் சென்னை மாகாண அரசு 1921-இல் அமைத்த குழுவின் தலைவராக இருந்தவர். குழுவின் அறிக்கை 1923-இல் வெளிவந்தது. மாம்பலத்து ஏரிப் பகுதியில் தியாகராய நகரை உருவாக்கும் பணி நடந்ததும் அக்காலத்தில்தான்.

சித்த மருத்துவத்தின் பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு 1 நானோமீட்டர். ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவை நானோ துகள்கள் எனப்படும். இக்கண்டுபிடிப்புக்குப் பிறகு, உலோக மருந்துகளைப் பற்றிய பழைய வழக்கு புதிய சொற்களில் மீண்டும் எழுந்தது.

கோமன் அறிக்கையும் உஸ்மான் குழுவும்

உஸ்மான் குழுவுக்கு முன்பே, 1918-இல், மருத்துவர் எம். சி. கோமனிடம் சுதேச மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பைச் சென்னை அரசு ஒப்படைத்தது. அவர் வெளியிட்ட அறிக்கைகள் வைத்தியர்களுக்குக் கடும் அதிருப்தியை உண்டாக்கின. மருந்தை அதன் மருத்துவ முறையிலிருந்து பிரித்தெடுத்து, வேறொரு முறையின் அளவுகோலால் அளப்பது நியாயமல்ல என்பது அவர்களுடைய வாதம்.

இதற்குப் பின் வந்த உஸ்மான் குழு எதிர்த்திசையில் சென்றது. மாகாணத்தின் வைத்தியர்களிடமிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வடிவிலான சாட்சியங்களைப் பெற்றது. குழுவின் செயலாளரும் மேலைமுறை மருத்துவம் பயின்றவருமான கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, இந்திய மருத்துவத்தின் அடிப்படைகளை விளக்கி நீண்ட குறிப்பு ஒன்றை எழுதினார். பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் விளங்கியவர் இவர். அறிக்கையைத் தொடர்ந்து, பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. சீனிவாசமூர்த்தி அதன் முதல் தலைவரானார். தியாகராய நகரின் நடுவிலுள்ள பூங்கா இந்தப் பனகல் அரசரின் பெயரையே கொண்டுள்ளது.

சித்த மருத்துவத்துக்கு அரசின் ஏற்பைப் பெற்றுத் தந்தது உஸ்மான் குழுவின் பெரிய பணி. ஆனால் ஓர் உலோக மருந்து உடலுக்குள் எங்கே போகிறது, எவ்வளவு தங்குகிறது என்று அறியும் கருவிகள் அன்று கோமனிடமும் இல்லை, குழுவிடமும் இல்லை. துகள்களை நேரில் காட்டவல்ல மின்னணு நுண்ணோக்கியே 1931-இல்தான் பிறந்தது.

பற்பம் செய்முறை

உலோகத்தைத் தகடாக்கிச் சூடேற்றி, எண்ணெய், மோர், கொள்ளுக் கஷாயம் போன்றவற்றில் பலமுறை தோய்ப்பது சுத்தி எனப்படும். பிறகு கல்வத்தில் மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி உலர்த்துவர். வில்லைகளை அகலில் இட்டு, மற்றோர் அகலால் மூடி, சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடமிடுவர். அரைப்பதும் புடமிடுவதும் பலமுறை தொடரும். வெண்மையாக முடிவது பற்பம், சிவந்து முடிவது செந்தூரம்.

இரும்பு இவ்வழியில் இரும்பு ஆக்சைடாகிறது. துத்தநாகம் துத்தநாக ஆக்சைடாகிறது. பாதரசம் கந்தகத்துடன் சேர்ந்து பாதரச சல்பைடாகிறது. தங்கம் மட்டும் பெரும்பாலும் தங்கமாகவே இருந்து, நுண்துகளாக உடைகிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆயுர்வேதத் தங்கப் பற்பத்தின் படிகங்கள் 60 நானோமீட்டருக்கும் குறைவானவை என்று கண்டது.

பற்பம் முடிந்ததா என்று அறிய நூல்கள் சில சோதனைகளைச் சொல்கின்றன. விரல்களுக்கிடையே தேய்த்தால் ரேகைகளில் படிய வேண்டும்; அசையா நீரில் தூவினால் மிதக்க வேண்டும்; உலோக மினுமினுப்பு இருக்கக் கூடாது; மீண்டும் சுட்டால் பழைய உலோகமாகத் திரும்பக் கூடாது. இவற்றில் கடைசிச் சோதனை மிகவும் கூர்மையானது, வேதியியல் மாற்றம் முழுமையடைந்ததா என்பதையே அது கேட்கிறது. விரல் ரேகையோ நானோ துகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அகலமானது. அதில் படிவது பொடி நைசாக இருப்பதைக் காட்டும். நானோ அளவை அது காட்டாது.

பெயர்க் குழப்பமும் இங்கே உண்டு. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்திலோ நாகம் என்றால் காரீயம். ஆகவே சித்தரின் நாகப் பற்பமும் ஆயுர்வேதத்தின் நாக பஸ்பமும் ஒன்றல்ல. பெயரை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்துக்கொள்வது ஆபத்தான தவறு.

சிறிதாவதால் வரும் மாற்றம்

1 கன சென்டிமீட்டர் தங்கத்தின் எடை சுமார் 19.3 கிராம், அதாவது இரண்டரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். சென்னைக் கணக்கில் இது இரண்டரைக் கிரவுண்டுக்கு மேல். வேதிவினைகள் மேற்பரப்பில் நடப்பதால், அதே எடைப் பொருள் பல மடங்கு வினைத்திறன் பெறுகிறது. நிறமும் மாறும்: 1857-இல் மைக்கேல் ஃபாரடே தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக்கி மாணிக்கச் சிவப்பு நிறக் கரைசல்களைக் காட்டினார்.

உடலிலும் அளவு முக்கியம். ஏறத்தாழ 6 நானோமீட்டருக்குக் கீழுள்ள துகள்களைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். அதைவிடப் பெரியவற்றைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அங்கிருந்து அவை வெளியேற மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். தங்கத்திலேயே 15 நானோமீட்டர் துகள்கள் உயிரணுக்களைப் பாதிக்காதபோது, 1.4 நானோமீட்டர் துகள்கள் அவற்றைக் கொன்றதாக ஆய்வக வளர்ப்பில் 2007-இல் காட்டப்பட்டது. தங்கம் தீங்கற்றது என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான் போதாது.

மேலை மருத்துவத்தின் பாடம்

நுண்துகள் மருந்தில் ஏமாந்தது நாட்டு வைத்தியம் மட்டுமன்று. தோரோட்ராஸ்ட் என்ற தோரியம் ஆக்சைடு நுண்துகள் கலவை 1930-களிலிருந்து 1950-கள் வரை இரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டுவதற்காகப் பல நாடுகளில் ஊசி வழி செலுத்தப்பட்டது. படம் மிகத் தெளிவாக விழுந்தது. நோயாளிகளுக்கு உடனடித் தொல்லையும் அதிகமில்லை. ஆனால் கதிரியக்கமுள்ள அத்துகள்கள் கல்லீரலில் வாழ்நாள் முழுவதும் தங்கின. 20, 30 ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோயாக வெளிப்பட்டன. சாப்பிட்டவுடன் ஒன்றும் செய்யவில்லை என்ற அனுபவச் சான்று எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் கிடைப்பது அரிது.

கூழ்ம வெள்ளி மருந்துகளும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக இருந்தன. நீண்ட நாள் உட்கொண்டவர்களின் தோலில் வெள்ளி படிந்து, நிரந்தரமாக நீலச்சாம்பல் நிறமானது. இந்நிலை ஆர்ஜிரியா எனப்படும்.

1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்சில், திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் நானோ மருந்தாகக் கருதப்படுகிறது. டாக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புறைக்குள் அடைத்ததால் இதயத்துக்கு வரும் பாதிப்பு குறைந்தது. அதே உறை மருந்தை இரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றவைப்பதால், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து புண்ணாகும் பக்கவிளைவு கூடியது.

சர்ச்சையும் சட்டமும்

2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு, பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாகத் தெரிவித்தது. 2008-இல் அதே குழு இணையத்தில் விற்கப்பட்ட 193 தயாரிப்புகளைச் சோதித்தபோதும் ஐந்தில் ஒரு பங்கில் இவ்வுலோகங்கள் இருந்தன.

எதிர்வாதம் இரண்டு வகைப்பட்டது. மொத்த உலோக அளவை மட்டும் கணக்கிடுவது சரியல்ல, அது எந்தச் சேர்மமாக உள்ளது என்று பார்க்க வேண்டும் என்பது முதலாவது. இது நியாயமானது. பாதரச ஆவி நுரையீரல் வழியே எளிதில் உடலில் சேரும். பாதரச சல்பைடு நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. பற்பங்கள் நானோ துகள்களாக இருப்பதால் நஞ்சற்றவை என்பது இரண்டாவது வாதம். விளம்பரங்களில் அதிகம் காணப்படும் இவ்வாதம் நிற்காது. துகள் சிறுத்தால் காரீயம் காரீயமாகவே இருக்கும், உடலில் சேரும் வாய்ப்புதான் கூடும். செய்முறை ஒவ்வொரு முறையும் ஒரே விளைவைத் தருகிறதா, சுத்தி முழுமையானதா, நோயாளிக்குச் சிறுநீரகக் குறை உண்டா என்பவையே கேட்கப்பட வேண்டியவை. சென்னையில் தலைமையகம் கொண்ட மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், உலோக மருந்துகளை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, மின்னணு நுண்ணோக்கி, விலங்குகளில் நச்சுச் சோதனை ஆகியவற்றால் ஆராய்ந்து வருகிறது.

இந்திய மருந்து விதிகளின் இ(1) அட்டவணை, சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றில் பயன்படும் நச்சுப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவை சேர்ந்த உள்மருந்துகளின் சீட்டில், மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும். ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு 2006 முதல் கன உலோகச் சோதனை கட்டாயமானது. நவீன நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு 2019 அக்டோபரில் வெளியிட்டது. துகளின் அளவு, வடிவம், மேற்பரப்பு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராயுமாறு அவை கேட்கின்றன.