எபிரேயத் திருமறையில் பெயர்ப்பட்டியல்கள்

எபிரேயத் திருமறையைப் பயில்வோர் பெரும்பாலும் விரைந்து கடந்து செல்லும் பகுதி பெயர்ப்பட்டியலாகும். நாளாகமம் முதல் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்கள் பெரும்பான்மையும் பெயர்களாலேயே நிரம்பியுள்ளன. அந்நூலின் தொடக்கமோ வினைச்சொல் ஒன்றுமின்றி, ஆதாம் முதலாக வரும் பெயர்களின் அடுக்காகவே அமைந்துள்ளது. இவற்றைச் சுவையற்ற இடைச்செருகல் எனத் தள்ளுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்துவதன்று. இவை சுவை கருதி எழுந்தனவல்ல. உரிமையை நிலைநாட்ட எழுந்த ஆவணங்கள் ஆகும். எஸ்றா நூலின் இரண்டாம் அதிகாரத்தைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

கி.மு. 539இல் பாரசீக வேந்தன் கோரேசு பாபிலோனைக் கைக்கொண்டபின், அங்குச் சிறையிருந்த யூதருள் ஒரு சாரார் தம் நாட்டுக்கு மீண்டனர். அவர்தம் பட்டியலே இவ்வதிகாரம். இதன்கண் சிலர் குடிப்பெயராலும், சிலர் பெத்லகேம், எரிகோ முதலிய ஊர்ப்பெயராலும் எண்ணப்பெற்றுள்ளனர். குடிப்பெயரும் ஊர்ப்பெயரும் இங்ஙனம் ஒருங்கு நிற்றல் வியப்பன்று. எண்ணாகமத்தில் மனாசே குலத்துச் செலொப்பியாத் என்பான் ஆண்மகவின்றி இறக்க, அவன் புதல்வியர் ஐவர் நிலவுரிமை வேண்டிப் பெறுகின்றனர். அவருள் நோவாள், ஒக்லாள் என்னும் இருவர் பெயர்களும், 1910இல் சமாரியாவில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற கி.மு. எட்டாம் நூற்றாண்டு ஓட்டெழுத்துக்களில் நிலப்பகுதிகளின் பெயர்களாக வருகின்றன. அவ்வோடுகள் திராட்சை மதுவும் எண்ணெயும் பற்றிய அரண்மனைக் கணக்குகளாம். மறையில் மகளாகத் தோன்றுபவள் கணக்கோலையில் நிலமாக நிற்கின்றாள்.

எஸ்றாவின் பட்டியல் நெகேமியா நூலின் ஏழாம் அதிகாரத்திலும் காணப்படுகின்றது. ஆயின் எண்கள் வேறுபடுகின்றன. ஆராக் குடியினர் முன்னதில் 775, பின்னதில் 652. அஸ்காத் குடியினர் முறையே 1,222, 2,322. மொத்தம் 42,360 என்றே இரண்டும் கூறினும், உட்தொகைகளைக் கூட்டின் எஸ்றாவில் 29,818உம் நெகேமியாவில் 31,089உம் வருகின்றன. எஞ்சியோர் பெண்டிர் எனச் சிலர் அமைதி கூறுவர். பட்டியலில் அதற்குச் சான்றில்லை. (ஒட்டகம் 435, கழுதை 6,720 எனக் கணக்கிட்டவர் பெண்டிரை எண்ணாது விட்டது நம்மனோர்க்கு வியப்பே.) முரணைத் திருத்தி ஒழுங்குசெய்யாது இரு படிகளையும் காத்தமை, பின்னோர் இதனைத் தம்மால் மாற்றலாகாத ஆவணமாகக் கருதினர் என்பதைக் காட்டுகின்றது.

இனி, பெயர் காணப்பெறாதவர் நிலை நோக்கற்பாலது. அபாயா, கோஸ், பர்சிலாய் என்னும் மூன்று ஆசாரியக் குடியினர் தம் வழிமுறைப் பதிவைத் தேடியும் கண்டிலர். ஊரீம், தும்மீம் உடைய ஆசாரியன் ஒருவன் தோன்றுங்காறும் தூய படையலை உண்ணலாகாதென ஆளுநன் அவரைத் தடுத்தான். ஆசாரியர்க்குக் குலநிலப் பங்கு இல்லையாகலின், படையலுரிமை பிழைப்புக்குரிய வழியுமாம். பர்சிலாய் குடியின் முன்னோன் கிலேயாத்தியனாகிய பர்சிலாயின் மகளை மணந்து, அவள் குடிப்பெயரை ஏற்றவன். மனைவிவழி நிலம் வேண்டி இங்ஙனம் பெயர் மாறினான் எனவும், அதனாலேயே ஆசாரிய உரிமை ஐயத்துக்கு உள்ளாயிற்று எனவும் கருத இடமுண்டு.

கோஸ் குடியின் வரலாறு வேறு. கி.மு. 445 அளவில் நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டுவித்தபோது, கோசின் வழியினனாகிய உரியாவின் மகன் மெரெமோத் இரண்டு பகுதிகளைக் கட்டினான். எஸ்றா நூலில் ஆலயப் பொன்னும் வெள்ளியும் நிறுத்து ஒப்புவிக்கப்பெற்ற ஆசாரியக் குடியினனாகிய மெரெமோத்தும் இவனே என்பர். நாளாகமத்தின் இருபத்துநான்கு ஆசாரிய வகுப்புக்களில் ஏழாவது, கோசின் வகுப்பு. அபாயாவும் பர்சிலாயும் அவற்றுள் இல்லை. விலக்கு எப்போது, எவரால் நீக்கப்பெற்றது என மறை கூறிற்றிலது. பட்டியல்களை ஒப்புநோக்குவார்க்கே அது புலனாம். மேலும், கி.மு. 161 அளவில் யூதா மக்கபே உரோமுக்கு விடுத்த தூதர் இருவருள் ஒருவனாகிய யூப்போலமு என்பானை அக்கோசின் வழியினன் என மக்கபேயர் முதல் நூல் குறிக்கின்றது. அவன் பெயர் கிரேக்கம்; குடியோ, முன்னர்ப் பதிவின்றி விலக்கப்பெற்ற அக்கோஸ் குடியே.