பாமியான் புத்தரின் ஆடை மடிப்புகள்: ஒளிப்பட அளவியல் மாதிரியின் சான்றுத் தகுதி

2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பாமியான் பெரிய புத்தர் சிலையை, பழைய ஒளிப்படங்களைக் கொண்டு சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அர்மின் குரூன் குழுவினர் கணினியில் மீட்டமைத்தனர். போட்டோகிராமெட்ரி எனப்படும் ஒளிப்பட அளவியலின் வலிமைக்கு எடுத்துக்காட்டாக இம்முப்பரிமாண மாதிரி அடிக்கடி சுட்டப்படுகிறது. இத்தகைய மாதிரி கைபடாத அளவீடு, ஓவியரின் வரைபடத்தைப் போல அதில் விளக்கம் கலப்பதில்லை என்னும் கருத்தும் ஆய்வாளர் சிலரிடையே நிலைபெற்றுள்ளது. அக்கருத்துக்குப் பாமியான் மாதிரியே இடம் தரவில்லை.

மீட்டமைப்புக்கு மூவகைப் படங்கள் பயன்பட்டன: இணையத்தில் கிடைத்தவை, சுற்றுலாப் பயணி எடுத்தவை, கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கொஸ்ட்கா 1970 ஆகஸ்டில் அளவீட்டுக் கேமராவால் எடுத்தவை. முதல் இரு வகைகளிலிருந்து சிலையின் பொதுத்தோற்றமே கிடைத்தது. நுட்பமான மாதிரி உருவானது கொஸ்ட்காவின் மூன்று படங்களிலிருந்துதான். ஆகவே சான்றுத் தகுதி பற்றிய வினா அவற்றையே சுற்றி நிற்கிறது.

சுமார் 55 மீட்டர் உயரமுள்ள அச்சிலையில், பாறையில் குடையப்பட்டது உடலின் பருவடிவமே. ஆடை மடிப்புகள், மரமுளைகளில் கட்டிய கயிறுகளின்மேல் வைக்கோல் கலந்த மண்சாந்து பூசி உருவாக்கப்பட்டவை. காந்தாரக் கலை மரபோடு சிலையை ஒப்பிடுவோர் முதன்மையாக நோக்குவதும் அவற்றையே. ஏறக்குறைய 5 முதல் 10 செ.மீ. அகலமே கொண்ட அம்மடிப்புகளை, படங்களைக் கணினியே ஒன்றோடொன்று ஒப்பிடும் தானியங்கிப் பொருத்தம் மழுக்கிவிட்டது. உடலும் சிலை நின்ற மாடமும் சரியாக வந்தன. ஆடை வழுவழுப்பான பரப்பாக நின்றது. ஆய்வுக் குழுவினர் இதை மறைக்கவில்லை. மடிப்புகளின் விளிம்புகளைக் கண்ணால் கண்டு, புள்ளி புள்ளியாகக் கையால் அளந்து, மாதிரியில் சேர்த்தனர்.

குறை படங்களில் இருந்ததாகத் தோன்றவில்லை. மடிப்புகள் புலப்படாதிருந்தால் கையால் அளந்திருக்கவும் இயலாது. காரணம் பொருத்தும் முறையில் இருக்கிறது: கணினி ஒரு புள்ளியைத் தனியே தேடுவதில்லை. அதைச் சூழ்ந்த சிறு பரப்பையே ஒரு படத்திலிருந்து மற்றொன்றில் தேடுகிறது. அப்பரப்புக்குள் ஆழம் சட்டென்று மாறினால் அம்மாற்றம் சராசரியில் கரைகிறது. ஆக, கலை வரலாற்றுக்கு மிகவும் வேண்டிய பகுதியே தானியங்கி முறை கைவிட்ட பகுதி. அங்கே எந்த விளிம்பை அளப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தது பயிற்சி பெற்ற மனிதக் கண்.

அளவுத்திட்டத்திலும் இதே நிலைதான். தெரிந்த நீளம் ஒன்றேனும் இல்லாமல் படங்களிலிருந்து உண்மையான அளவு கிடைக்காது. பாமியானில் அது, கொஸ்ட்கா முன்னரே வெளியிட்டிருந்த சம உயரக்கோட்டு வரைபடத்திலிருந்து பெறப்பட்டது. அவ்வரைபடத்தில் பிழை இருந்தால் அது மாதிரிக்கும் வந்து சேரும்.

இருபடக் காட்சியில் கையால் அளப்பதும் அளவீடே என்று மறுக்கலாம். அது சரியே, அப்புள்ளிகளின் துல்லியம் இங்கு ஐயுறப்படவில்லை. ஆனால் புள்ளிகளைத் தேர்ந்தது ஒரு வாசிப்பு. நூற்றுக்கணக்கான படங்களைக் கோக்கும் இன்றைய மென்பொருள்கள் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டன என்ற வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. அழிந்த பொருளைப் புதிதாகப் படமெடுக்க முடியாது. படம் எட்டாத இடங்களை அம்மென்பொருள்களும் ஊகத்தாலேயே நிரப்புகின்றன.

இதனால் பாமியான் மாதிரியின் மதிப்பு குறையவில்லை. செய்ததை வெளிப்படையாக எழுதிவைத்ததாலேயே அது ஆய்வுக்குரிய சான்றாகிறது. கணினிவழிக் காட்சிப்படுத்தலில் எடுக்கப்படும் முடிவுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2006-இல் உருவான லண்டன் சாசனம் வற்புறுத்துகிறது. அந்நெறி கற்பனை மீட்டுருவாக்கங்களுக்கு மட்டுமன்றி அளவீட்டு மாதிரிகளுக்கும் உரியது. மூலப்படங்கள், அளவுத்திட்டத்தின் ஆதாரம், தானியங்கியாக அளந்தவை, கையால் அளந்தவை, ஊகத்தால் நிரப்பியவை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டாத எந்த மாதிரியையும் ஆய்விதழ்கள் மூலச்சான்றாக ஏற்கலாகாது.